கதவுக்குள்ளே எவ்வளவு இரும்பு?

பஞ்சிகாவத்தையில் 38 வருடம் டிங்கரிங்கும் வெல்டிங்கும் செய்து ஓய்வுபெற்ற பாஸ் ஒருவர் வாசகர்களின் வாகனக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: ஐயா, என் தம்பி கொழும்பில் பொலிஸ் கொன்ஸ்டபிள். இரவு ரோந்துக்கு ஜீப்பில் போகிறான். எங்காவது துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் அவன் திரும்பி வரும்வரை அம்மா படுக்கமாட்டா. பாதாளக் கும்பல்களிடம் ரி-56 ரைபிள் இருக்கும்போது பொலிஸ் ஜீப்புகளுக்குக் குண்டு துளைக்காத தகடு ஏன் போடக்கூடாது? கொழும்புக் கராஜ்களிலேயே செய்துவிட முடியாதா?
- எஸ்., வெள்ளவத்தை

பதில்: செய்யலாம் மகள். நான் செய்தும் இருக்கிறேன். அதனால்தான் கராஜில் செய்ய வேண்டாம் என்கிறேன்.

போர்க்காலம், 1990களில் ஒரு நாள், பணம் கொண்டுபோகிற வான் ஒன்று எங்கள் கராஜுக்கு வந்தது. யாருடையது என்பது இப்போது வேண்டாம். தகடு அடித்துத் தரச் சொன்னார்கள். கடையில் கிடைத்த 6 மில்லிமீற்றர் சாதா இரும்புத் தகட்டை வெட்டி, இரண்டு பக்கத்திலும் பின்கதவிலும் வைத்து வெல்ட் பண்ணினோம். 400 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கும். பிரேக்கையோ ஸ்பிரிங்கையோ தொடவில்லை. அதற்குக் காசு தர அவர்களுக்கு மனமில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் மாதம் கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், வான் மண்மேட்டில் மோதியது. சாரதிக்கு இரண்டு காலும் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். "எவ்வளவு பாரம் ஏற்றினீங்கள் அண்ணை?" என்று அவருடைய மனைவி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் நிறுத்துப் பார்க்கவே இல்லை.

அந்தத் தகடு ரி-56ஐத் தடுத்திருக்குமா என்றால் அதுவும் இல்லை. ரி-56 சன்னம் ஏறக்குறைய 8 கிராம். நொடிக்கு 700 மீற்றருக்கு மேல் வேகம். 9 மில்லிமீற்றர் பிஸ்டல் சன்னமும் அதே எடைதான், ஆனால் வேகம் பாதி. வேகம் இரட்டித்தால் அடி நாலு மடங்கு. கிட்டத்தில் நின்று சுட்டால் 6 மில்லிமீற்றர் சாதா இரும்பை அது துளைத்துக்கொண்டு உள்ளே வரும். சாதாரண ஜீப் கதவின் தகடு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை; பிஸ்டலுக்கே அது தாங்காது.

அதற்கென்றே பதமேற்றிய கவச உருக்கு வேறு. ஏறக்குறைய 6.5 மில்லிமீற்றரில் அது ரி-56ஐத் தாங்கும். ஆனால் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். கராஜில் நாங்கள் வெல்ட் பண்ணுகிற கோட்டின் இரு பக்கமும் உருக்கு இளகிவிடும். பார்வைக்குத் தெரியாது, மேலே பெயின்ட் அடித்துவிடுவோம். தெரிந்தவர்கள் வெல்டிங் கோட்டுக்குப் பின்னால் இன்னொரு பட்டை வைப்பார்கள். கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடுக்குக்கும் அப்படி ஒன்று மேற்படிய வேண்டும். சன்னம் பட்டதும் தகட்டின் உள்பக்கத்திலிருந்து சிதறல் பறக்கும். அதைப் பிடிக்க அரமிட் துணி, அதாவது குண்டு தாங்கும் அங்கிகளில் வருகிற உறுதியான இழைத் துணி, வேண்டும். இந்த மூன்றும் இல்லாத கவசத்தை நம்பி ஒரு பிள்ளையை உள்ளே உட்கார வைப்பது பாவம்.

இப்போது பாரத்துக்கு வருவோம், என் கவலை முழுக்க அங்கேதான். கவச உருக்கு ஒரு சதுர மீற்றருக்கு, 6.5 மில்லிமீற்றர் தடிப்பில், 51 கிலோ. குண்டு துளைக்காத கண்ணாடி 40 மில்லிமீற்றரில் ஒரு சதுர மீற்றருக்கு 100 கிலோ. ஒரு முன்கதவுக்குக் கணக்குப் பார்த்தால் தகடு 30, கண்ணாடி 35, ஆக 65 கிலோ. கதவின் பிணைச்சல் அதைத் தாங்காது, ஒரு மாதத்தில் கதவு தொங்கும். வண்டி முழுவதையும் சுற்றிக் கவசமிட்டால் ஒரு தொன்னைத் தாண்டும். பழைய லாண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஜீப்பின் எடை 2 தொன்னுக்குக் கிட்ட, அந்த எடையோடு ஆளும் சாமானும் சேர்த்து அனுமதிக்கிற மொத்தம் 3 தொன்னுக்குக் கிட்ட. கவசம் ஏற்றிய பிறகு உங்கள் தம்பியும் கூட்டாளிகளும் எந்தக் கணக்கில் ஏறுவது? ஸ்பிரிங், பிரேக், டயர், அச்சு எல்லாம் அந்தப் பாரத்துக்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும்.

சூட்டையும் சொல்ல வேண்டும். இந்தக் கண்ணாடி பல அடுக்கு. நடுவில் ஒட்டுப்படலம், உள்பக்கம் பொலிகார்பனேட். எங்கள் வெயிலிலும் ஈரத்திலும் ஓரத்தில் வெள்ளை பூத்து அடுக்கு விடும். கண்ணாடியை இறக்கவும் முடியாது. ஏசி வேலை செய்யாவிட்டால் மத்தியானம் மருதானையில் நிற்கிற ஜீப்பின் கதவை பொடியன்கள் திறந்து வைத்துவிடுவார்கள். திறந்த கதவில் கவசம் இருந்தென்ன?

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 27இல் களுத்துறையில் சிறைச்சாலை பஸ்ஸை மறித்துச் சுட்டார்கள். சிறை உத்தியோகத்தர் இருவர் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். வழியிலே மறிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிகிற பயணங்கள் இவை. ஆகவே கைதிகளைக் கொண்டுபோகிற வண்டிக்கும், துப்பாக்கிச் சூடு நடக்கிற இடத்துக்கு அனுப்பும் வண்டிக்கும் முழுக் கவசம் வேண்டும், அதுவும் தொழிற்சாலையிலேயே செய்தது. ஐரோப்பிய வி.பி.ஏ.எம். தரத்தில் 6ஆம் நிலை என்பது ரி-56 சுடும் அதே 7.62×39 சன்னத்தை 720 மீற்றர் வேகத்தில் அடித்துப் பார்ப்பது. வாங்குகிறவர்கள் அந்தச் சான்றிதழைக் கேட்க வேண்டும். மற்ற ரோந்து ஜீப்புகளுக்கு முன்கதவு இரண்டுக்கும் தகடு போதும், பிரேக்கையும் சேர்த்து மாற்றினால். நியூயோர்க்கில் 2017 ஜூலையில் நிறுத்தியிருந்த வண்டிக்குள் வைத்து ஒரு பெண் பொலிஸைச் சுட்டுக் கொன்ற பிறகு, அங்கே ரோந்துக் கார்களின் ஜன்னல்களில் குண்டு தாங்கும் கண்ணாடி பொருத்தத் தொடங்கினார்கள். அவர்களும் காரைக் கவச வாகனமாக்கவில்லை.

ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிற பொலிஸாரை யாரும் பேசுவதில்லை, அது எனக்குப் பெரிய மனக்குறை. அவர்களுக்குக் கவசம் உடம்பில்தான். துணி அங்கி பிஸ்டலுக்கு மட்டும். ரி-56க்கு அதற்குள் கடினத் தகடு வேண்டும். அமெரிக்காவில் 2023இல் வந்த புதிய தரத்தில் அதற்கு ஆர்.எஃப்.1 என்று பெயர். தம்பியின் அங்கிக்குள் தகடு இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். சுடத் தொடங்கினால் கதவுக்குப் பின்னால் ஒதுங்காமல் எஞ்சின் பக்கம் போகச் சொல்லுங்கள். சாதாரண ஜீப்பில் சன்னத்தைத் தடுக்கிற இரும்பு எஞ்சின் கட்டையில்தான் உண்டு.

கேள்வி: மெக்சிகோவில் கும்பல்கள் ட்ரோனில் வெடிபொருள் கட்டிப் பொலிஸைத் தாக்குவதாகப் படித்தேன். கதவையே பேசிக்கொண்டிருந்தால் போதுமா?
- ஆர்., கொட்டாஞ்சேனை

பதில்: போதாது தம்பி. 2021 ஏப்ரலில் மிச்சோவாகன் மாநிலத்தில் அப்படித்தான் இரண்டு பொலிஸார் காயப்பட்டார்கள். கவச வாகனங்களில் பெரும்பாலும் கூரைதான் மெல்லிசு, ஏனென்றால் முன்பு யாரும் மேலிருந்து அடிக்கவில்லை. உக்ரைனில் இப்போது கூரைக்கு மேல் கம்பிக்கூடு கட்டுகிறார்கள். ட்ரோன் தகட்டைத் தொடுமுன் கூட்டில் பட்டு வெடிக்கட்டும் என்று.

ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கம்தான் எப்போதும் தடித்திருக்கிறது. இங்கே கண்ணிவெடி வந்தபோது தென்னாபிரிக்க பஃபல் கவச வண்டி வந்தது, அதைப் பார்த்து எங்கள் இராணுவப் பொறியியலாளர்கள் யூனிகோனைச் செய்தார்கள். அடிப்பக்கம் ஆங்கில 'வி' எழுத்துப்போல இருக்கும், வெடியின் வேகம் இரு பக்கமும் சறுக்கிப் போகும். வட அயர்லாந்துப் பொலிஸார் லாண்ட் ரோவரின் அடியில் பாவாடைபோலத் தகடு தொங்கவிட்டார்கள், பெற்றோல் குண்டு உருண்டு அடியில் போகாமல் இருக்க. கொழும்பில் இன்றைக்குத் தெருவில் இருப்பது ரி-56உம் பிஸ்டலும். பக்கக் கவசத்தை முதலில் ஒழுங்காகச் செய்யட்டும். ஆனால் புது வண்டி வாங்கும்போது கூரையில் இன்னும் 100 கிலோ ஏற்ற இடம் விட்டு வாங்க வேண்டும். பிறகு சேர்க்கப் போனால் என் வானின் கதைதான்.

கேள்வி: கண்ணாடியில் ஒட்டும் பாதுகாப்பு பிலிம் சன்னத்தைத் தடுக்குமா? எங்கள் கடை வானுக்கு ஒட்ட ஒருவர் நல்ல விலை கேட்கிறார்.
- எம்., தெஹிவளை

பதில்: தடுக்காது. உடைந்த கண்ணாடி சிதறாமல் பிடித்துவைக்கும், கல்லெறிக்கும் கண்ணாடியை உடைத்துத் திருடுவதற்கும் உதவும். அதற்குரிய விலையைக் கொடுங்கள், அதற்கு மேல் ஒரு சதமும் வேண்டாம்.