9.6 சதவீதம் எங்கே போனது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதிநெருக்கடி பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தத் தீவைக் காலனி என்றும் சொல்லியிருந்தீர்கள். அரசே திவாலாகிவிட்ட பிறகும் அரசையே ஏன் நம்பியிருக்க வேண்டும்? கட்டணத்தை உயர்த்தலாம். பழைய மாணவர்களிடம் நன்கொடை திரட்டி வைப்புநிதி ஒன்றை உருவாக்கலாம். அமெரிக்க ஆய்வு மானியங்களையும் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம். பதினொரு வளாகங்கள் இருந்தும் இதையெல்லாம் செய்ய முடியாதா?

ராஜேந்திரன்

அன்புள்ள ராஜேந்திரன்,

நன்கொடைக்கான பதில் ஒரு வகுத்தல் கணக்கில் முடிந்துவிடும். முதலைத் தொடாமல் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஒதுக்கீட்டில் வெட்டுப்பட்டது ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி டாலர். அது கிடைக்க வேண்டுமென்றால் 1,000 கோடி டாலர் வைப்பில் இருக்க வேண்டும். அதோடு, கொடுப்பவர்கள் கட்டடத்துக்குக் கொடுப்பார்கள், தங்கள் பெயரில் பரிசு வைக்கக் கொடுப்பார்கள். ஓய்வூதியப் பாக்கியை அடைக்க எவரும் காசோலை எழுதுவதில்லை. ஆய்வு மானியமும் அப்படித்தான், எந்த ஆய்வுக்கு வந்ததோ அதற்கே செலவாகும். மயாகுவெஸ் வளாகத்தின் பொறியியல் துறை அதனால் நிமிரலாம். ரியோ பியெட்ராஸ் வளாகத்தில் வரலாறு கற்பிப்பவருக்கு அதிலிருந்து சம்பளம் கொடுக்க முடியாது.

கட்டணத்தை உயர்த்தித்தான் விட்டார்கள். அங்கே கட்டணம் கிரெடிட் என்ற பாட அலகின் கணக்கில். 2018க்கு முன் இளநிலை மாணவருக்கு ஒரு கிரெடிட் 60 டாலருக்கும் குறைவு. அந்த ஆண்டு அது 115 ஆனது, 2022-23இல் 157. ஆண்டுக்கு 30 கிரெடிட் எடுப்பவர் 1,800 டாலருக்குள் கட்டியது 4,710 ஆயிற்று. இதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. இந்த மாணவர்களில் பெரும்பகுதியினர், ஏழை மாணவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுக்கும் பெல் உதவித்தொகையில் படிப்பவர்கள். வாஷிங்டனிலிருந்து வரும் அந்தத் தொகையில் கட்டணம் போக மீதிதான் வாடகை, புத்தகம், பேருந்து எல்லாம். 2017-18இல் அதன் உச்சத்தொகை 5,920 டாலர், கட்டணம் போக 4,100க்கு மேல் கையில் நின்றது. 2022-23இல் உச்சத்தொகை 6,895. மிஞ்சியது 2,185. ஏழை மாணவரின் வீட்டு வாடகைதான் பல்கலைக்கழகத்தின் 'சொந்த வருமானம்' என்று பெயர் மாறியிருக்கிறது. போதாக்குறைக்கு, பல்கலைக்கழகம் வெளியிட்ட கடன்பத்திரங்களுக்கு அந்தக் கட்டண வருமானமே ஈடு.

இனி அரசுப் பணம். 1966 ஜனவரி 20இல் நிறைவேறிய இரண்டாம் எண் சட்டம் ஒரு சூத்திரத்தை வகுத்தது: முந்தைய இரண்டு நிதியாண்டுகளில் தீவு அரசின் பொதுக் கணக்கான 'பொதுநிதி'க்கு வந்த வரவைச் சராசரி எடுத்து, அதில் 9 சதவீதத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டும். பிற்பாடு அது 9.6 ஆனது. எந்த ஆளுநரிடமும் போய் நிற்க வேண்டாம். வரவு சரிந்தாலும் சராசரி என்பதால் அடி ஓராண்டு தாமதமாக விழும், அதற்குள் சுதாரித்துக்கொள்ளலாம். நல்ல சட்டம் என்றே சொல்வேன். ஓட்டை 'பொதுநிதி' என்ற சொல்லில் இருந்தது. 2006இல் விற்பனை வரி வந்தது. அதில் ஒரு பங்கு, இதற்கென்றே அரசு உருவாக்கிய கோஃபினா என்ற நிறுவனத்தின் வழியாகக் கடன்பத்திரக்காரர்களுக்கு நேராகப் போகும்படி செய்தார்கள். பொதுநிதிக்குள் நுழையாத பணத்தில் 9.6 சதவீதம் கேட்க முடியாதே! தீவு மக்கள் புதிய வரி கட்டினார்கள், அந்தப் பங்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒன்றும் வரவில்லை.

2014இல் சூத்திரத்தையே உறையவைத்து, தொகையைச் சுமார் 83 கோடி டாலரில் நிறுத்தினார்கள். 2016இல் அமெரிக்க காங்கிரஸ், தீவின் கடன் நெருக்கடியைக் கையாள ப்ரொமேசா என்ற சட்டத்தைக் கொண்டுவந்து, ஏழு பேர் கொண்ட நிதி மேற்பார்வை வாரியத்தைத் தீவின் தலைமேல் உட்காரவைத்தது. 2021-22இல் அரசு ஒதுக்கீடு 40 கோடி சொச்சம், ஏறத்தாழ பாதி. வாரியம் சான்றளித்த நிதித் திட்டத்தைத் தீவின் சட்டமன்றம் மாற்ற முடியாது. அந்த ஏழு பேரை நியமிப்பவர் அமெரிக்க அதிபர். அதிபர் தேர்தலிலோ தீவில் வாழ்பவர்களுக்கு வாக்கில்லை. காலனி என்று நான் எழுதியதை மிகை என்று நினைப்பவர்கள் இந்த மூன்று வாக்கியங்களைச் சேர்த்துப் படிக்கட்டும்.

என்ன செய்யலாம் என்றால், அந்தப் பழைய சூத்திரத்தைத் திருத்தித் திரும்பக் கொண்டுவர வேண்டும். 'பொதுநிதி' என்பதற்குப் பதில் 'எந்தக் கணக்கில் விழுந்தாலும் வசூலான எல்லா வரியும்' என்று எழுத வேண்டும். அடித்தளம் பெருகும் என்பதால் சதவீதம் 9.6ஐவிடக் குறையலாம், அதில் பேரம் பேசத் தயாராக இருக்க வேண்டும். சராசரியை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டலாம். பொருளாதாரம் மீளும்போது ஒதுக்கீடு மெதுவாகத்தான் ஏறும், ஆனால் பல்கலைக்கழகத்தைக் கொல்வது திடீர்ச் சரிவு.

பல்கலைக்கழகம் தன் பக்கம் சரிசெய்ய வேண்டியது தணிக்கை. 2018இல் தணிக்கை அறிக்கை உரிய காலத்தில் போய்ச் சேராததால் அங்கீகாரமே ஆட்டம் கண்டது. அங்கீகாரம் போனால் பெல் உதவித்தொகை நிற்கும், கட்டணம் கட்ட ஆளிருக்காது.

2021 அக்டோபரில் தீவின் சட்டமன்றம், கடன் மறுசீரமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தபோது பதிலுக்குப் பல்கலைக்கழகத்துக்காக ஆண்டுக்கு 50 கோடி டாலர் என ஐந்தாண்டுக்கு வாங்கிக்கொண்டது. நல்ல பேரம்தான். ஆனால் அது சதவீதம் இல்லை, நிலைத்தொகை. விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு இறங்கும். ஐந்தாம் ஆண்டு 2027 ஜூனில் முடிகிறது.

அன்புடன்
ஆசிரியர்