மதுரைச் சூட்டில் ரெட் ஒயின்: எப்படி ருசிப்பது?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் வீட்டில் கூடி ரெட் ஒயின் ருசித்துப் பார்க்க ஆசைப்படுகிறோம். போன மாதம் கேபர்னே சாவிஞான் என்ற திராட்சை வகையில் செய்த ஒரு பாட்டில் வாங்கினோம். ரெட் ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்றார்கள். அப்படியே திறந்து மட்டன் சுக்காவோடு குடித்தோம். ஒரே காந்தல், கசப்பு. பாட்டில் மட்டமா, குடித்த விதம் தப்பா? (வாசகர், எல்லீஸ் நகர், மதுரை)

பதில்: பாட்டில் மேல் பழி போட வேண்டாம். சூடும் சுக்காவும் சேர்ந்து செய்த வேலை இது. ‘அறை வெப்பநிலையில் பருகவும்’ என்பது ஐரோப்பியக் குளிர் வீடுகளுக்குச் சொன்னது. ரெட் ஒயினுக்கு 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் ஊரில் ஃபேன் ஓடும் ஹாலிலேயே 32, 33 இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசனை அமுங்கிவிடும்.

ஆகவே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க விட்டால் 4, 5 டிகிரிக்கு இறங்கி, மணமே வராது, துவர்ப்பு மட்டும் துருத்தும். அவசரமென்றால் பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டுப் பாட்டிலைக் கழுத்து வரை முக்குங்கள். 12 முதல் 15 நிமிடத்தில் சரியாகும். வெறும் ஐஸ்கட்டி பாட்டிலை முழுதாகத் தொடாது, அதனால் தாமதமாகும். கிளாஸில் ஊற்றியதும் சூடு ஏறத் தொடங்கும் என்பதால், கொஞ்சம் அதிகக் குளிர்ச்சியாக எடுப்பதே நல்லது.

ஆறு பேருக்கு மூன்று பாட்டில் தாராளம். 750 மி.லி. பாட்டிலில் ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் 300 போகும், மீதி சாப்பாட்டுக்கு. மூன்றும் மூன்று திராட்சை வகையாக இருக்கட்டும்: மெல்லிய மெர்லோ அல்லது சாஞ்சியோவேஸே முதலில், அடுத்து ஷிராஸ், கடைசியில் கேபர்னே. வரிசையை மாற்றினால் கேபர்னேயின் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் மெல்லிய ஒயின் தண்ணீராகத் தோன்றும். ‘போர்ட்’ என்று விற்கும் இனிப்பு ஒயினை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள்.

டாஸ்மாக் எலைட் கடையில் வாங்கும்போது பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். கார்க் வாயை விட்டு மேலெழுந்திருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ அது வெயிலில் வெந்த சரக்கு. பழசாக ஆக ருசி கூடும் என்பது நடுத்தர விலை ஒயின்களுக்குப் பொருந்தாது. லேபிளில் அறுவடை ஆண்டு இருந்தால், மூன்று ஆண்டுக்கு உட்பட்டதை எடுங்கள்.

வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். அறையில் மதுரை மல்லிச் சரம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள், அந்த மணத்தோடு எந்த ஒயினும் போட்டி போட முடியாது. வாய் குறுகிய கண்ணாடி கிளாஸ் எடுத்து, சோப்பு வாசனை போக வெந்நீரில் அலசி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். முதலில் ஆட்டாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். இரண்டாவது தடவை வரும் வாசனைதான் முக்கியம். ஷிராஸில் மிளகு வாசனை அடித்தால் அது கற்பனை இல்லை. மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் அந்தத் திராட்சையிலும் உண்டு. ஒரு வாய் எடுத்து, ஐந்தாறு விநாடி வாயில் உருட்டி விழுங்குங்கள், அல்லது துப்புங்கள். பாக்கு மென்றதுபோல ஈறு இழுத்தால் அது டானின் என்ற துவர்ப்புப் பொருள். நீங்கள் கசப்பு என்றது பெரும்பாலும் இதைத்தான். ஈர நியூஸ்பேப்பர் நாற்றம் வந்தால் மட்டும் கார்க் கெட்டிருக்கிறது, அந்தப் பாட்டிலை ஒதுக்குங்கள்.

கேபர்னேயை முக்கால் மணி நேரம் முன்பே அகலமான கண்ணாடி ஜக்கில் ஊற்றி, சூடேறாமல் ஃபிரிட்ஜிலேயே வைத்தால் முரட்டுத்தனம் தணியும். கார்க்கை மட்டும் கழற்றி வைப்பதில் பயனில்லை, அந்தச் சின்ன வாயில் எவ்வளவு காற்று போகும்?

ருசிக்கும்போது உப்பில்லாத பிரெட் அல்லது பொரி, தண்ணீர். அவ்வளவுதான். தட்டில் கம்பம் பன்னீர் திராட்சை வைக்கத் தோன்றும். வேண்டாம், நாக்கில் இனிப்பு இருந்தால் ஒயின் புளிக்கும். சாப்பாடு பிறகு. மிளகாய் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டும். 13, 14 சதவீத ஒயினும் வரமிளகாய்ச் சுக்காவும் சேர்ந்தால் காந்தல் இரட்டிப்பாகும். மிளகாயைக் குறைத்து மிளகு போட்ட சுக்கா, கோலா உருண்டை இரண்டும் பொருந்தும். கறியின் புரதமும் கொழுப்பும் டானினை மழுங்கடிக்கும். சால்னாவில் ஊறிய பரோட்டாவை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடித்தவர் யாரும் வண்டியெடுக்காதபடி ஆட்டோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மீந்ததைச் சின்ன பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுபடி குடிக்கும்போது கிளாஸில் ஊற்றி பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள்.