விண்டோஸ், மேக், லினக்ஸ்: செலவும் வேகமும் – கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் இலவசம், விண்டோஸுக்குக் காசு. அப்புறம் ஏன் எல்லோரும் லினக்ஸுக்கு மாறவில்லை?

பெரும்பாலான மடிக்கணினிகளின் விலையிலேயே விண்டோஸ் உரிமம் அடங்கிவிடுகிறது. அதை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. பாகம் பாகமாக வாங்கிக் கணினி அசெம்பிள் செய்பவர்களுக்குத்தான் மிச்சம் கையில் தெரியும். அப்படி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஓஇஎம் (கணினி தயாரிப்பாளர்களுக்கான) உரிமம் அந்த மதர்போர்டோடு போச்சு, ரீட்டெயில் (பயனருக்கே தனியாக விற்கப்படும்) உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். மேக்ஓஎஸ் 2013 முதல் இலவசம்தான், ஆனால் அதை ஓட்ட ஆப்பிள் கணினியே வாங்க வேண்டும்.

கேள்வி: சார், என்னிடம் 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி. விண்டோஸ் 10 ஊர்கிறது. லினக்ஸ் போட்டால் பறக்குமா?

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஒன்றும் செய்யாமலே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் முக்கியக் குற்றவாளி அதுதான். அதற்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) மாற்றினால் எந்த இயங்குதளமாக இருந்தாலும் வித்தியாசம் உடனே தெரியும். நான் முதலில் செலவு செய்யச் சொல்வது இதற்குத்தான்.

அதன்பின் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான திரை அமைப்பு கொண்ட) பதிப்பைப் போடலாம். சும்மா இருக்கும்போது விண்டோஸை விடக் குறைவாகவே ராம் எடுக்கும். ஆனால் பிரவுசரில் இருபது டேப் திறந்தால், அவை தின்னும் ராம் எங்கே போனாலும் ஏறக்குறைய அதேதான். பறக்காது, நிம்மதியாக ஓடும்.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா என்று சோதியுங்கள். வேகத்தை மட்டும் அதை வைத்து எடைபோட வேண்டாம், பென்டிரைவே மெதுவானது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போட வைப்பதுதான் என் கணக்கில் பெரிய செலவு.

கேள்வி: நிரல் எழுதுபவருக்கு எது வேகம்?

ஒரே சிப்பில் வெறும் கணக்கீட்டு வேகம் பெரிதாக மாறாது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறந்து மூடும் வேலையில்தான் வித்தியாசம் வரும். விண்டோஸில் கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒவ்வொரு கோப்பையும் எட்டிப் பார்க்கும், லினக்ஸில் அந்தத் தடை இல்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வசதியைப் பயன்படுத்துபவர்கள் ப்ராஜெக்டை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்துக் கோப்புறையில் வையுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்கு மேக் வாங்கலாமா?

வாங்கலாம். 2020இல் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் சிப் குறைந்த மின்சாரத்தில் நல்ல வேகம் தருகிறது. ஆனால் மேக்புக்கில் ராம் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே 16 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள். விலை குறைவென்று பழைய இன்டெல் மேக் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: விளையாட்டு?

ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் மென்பொருளை 2018இல் கொண்டுவந்த பிறகு லினக்ஸில் ஏராளமான விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுகின்றன. ஆன்டி-சீட் (ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள்) உள்ள சில ஆன்லைன் விளையாட்டுகள் மட்டும் மறுக்கும்.

கேள்வி: எங்கள் அலுவலகக் கணினிகள் முழுவதையும் லினக்ஸுக்கு மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்?

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப நகர மன்றம் முடிவெடுத்தது. உரிமத்தில் மிச்சமானதோடு கணக்கு முடிவதில்லை. எக்ஸெல் மேக்ரோக்கள் (எக்ஸெலில் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்), கணக்கு மென்பொருள், பிரின்டர் ஆகியவற்றைப் பட்டியல் போடுங்கள். பிரவுசரிலேயே வேலை முடிப்பவர்களின் கணினிகளை முதலில் மாற்றுங்கள். கணக்குப் பிரிவை இப்போதைக்குத் தொட வேண்டாம்.