பழைய ஒலிக்கருவிகள்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஒன்று முப்பது ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. இப்போது இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். பிளக்கைச் சொருகிப் பாடுகிறதா என்று பார்க்கலாமா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: தயவுசெய்து சொருகாதீர்கள். பரணில் கிடந்த ரேடியோக்கள் பழுதாவது பெரும்பாலும் அங்கே கிடந்த காலத்தில் அல்ல, ஆசையோடு இறக்கி மின்சாரம் கொடுக்கும் முதல் சில நிமிடங்களில்தான். அதன் மின்வழங்கிப் பகுதியில் உள்ள எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களின் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) உட்திரவம் இத்தனை ஆண்டுகளில் வற்றியிருக்கும். உள்ளே காப்பாக இருக்கும் ஆக்சைடு படலமும் நலிந்திருக்கும். அந்த நிலையில் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் திடீரென்று பாய்ந்தால் கண்டென்சர் வெடிப்பதோடு, இன்று கிடைப்பதற்கு அரிதான டிரான்ஸ்பார்மரும், ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வும் சேர்ந்து கருகக்கூடும்.

முதலில் வால்வுகளின் மேல் உள்ள எண்களைப் பாருங்கள். அவை ‘யு’ என்ற எழுத்தில் தொடங்கினால் அது ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்படி செய்யப்பட்ட ரகம். அவற்றில் பெரும்பாலானவற்றில் மின்சாரத்தைத் தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் இராது, உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் இருக்கலாம். அத்தகைய ரேடியோவை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே சரி. ‘இ’ என்று தொடங்கினால், கண்டென்சர்களை மாற்றிய பிறகு, ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடரிணைப்பில் சேர்த்து மின்சாரம் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை பல்பு வேண்டும். பல்பு சற்றுப் பளிச்சிட்டுவிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்திவிடுங்கள்.

மின்வழங்கிக் கண்டென்சரை மாற்றும்போது அளவைக் கூட்டினால் உறுமல் குறையும் என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஈஇசட் 80 போன்ற ரெக்டிஃபையர் வால்வுக்கு முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வால்வின் ஆயுள் குறையும். இதைவிட முக்கியமானது, ஒலியை இறுதி வால்வுக்கு அனுப்பும் சிறிய காகிதக் கண்டென்சர். அது கசிந்தால் அந்த வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கிரிடில் நேர் மின்னழுத்தம் ஏறி, வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி, அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். ரேடியோ பாடுகிறதே என்று இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அதே மதிப்பில் 630 வோல்ட் தாங்கும் பாலியஸ்டர் கண்டென்சர் சில ரூபாய்க்குக் கிடைக்கும், யோசிக்காமல் மாற்றுங்கள்.

பின்புறம் மின்னழுத்தம் தேர்வு செய்யும் அமைப்பு இருந்தால் அதை 240 அல்லது 250இல் வையுங்கள். பாசன மோட்டார்கள் ஓடும் நேரத்தில் தாழ்ந்திருக்கும் மின்னழுத்தம், அவை நின்றதும் விறுவிறுவென்று ஏறுவதை உங்கள் பகுதியில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: எழுபதுகளில் வாங்கிய டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபையரில் வால்யூமைச் சுழியத்தில் வைத்தாலும் உறுமல் கேட்கிறது. எங்கே தேட வேண்டும்? (வாசகர், ஓசூர்)

பதில்: வால்யூமோடு கூடிக் குறையாத உறுமல் மின்வழங்கியிலிருந்தோ இறுதிப் பகுதியிலிருந்தோ வருவது, வால்யூமோடு கூடினால் உள்ளீட்டு வயர், எர்த் இணைப்பு ஆகியவற்றில் தேடலாம். நீங்கள் சொல்வது முதல் வகை என்பதால், பெரிய ஃபில்டர் கண்டென்சர்களை முதலில் மாற்றுங்கள். அதற்கு முன் அவற்றில் தேங்கிய மின்னூட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்குங்கள். ஸ்குரூடிரைவரால் முனைகளைத் தொட்டுப் பொறி பறக்கவிடும் வழக்கம் கண்டென்சருக்கும் கேடு, உங்கள் கண்ணுக்கும் கேடு.

ஸ்பீக்கரை இணைக்கும் முன், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளவெடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் இறுதி டிரான்சிஸ்டர் போயிருக்கலாம், ஸ்பீக்கரை இணைத்தால் அதன் கம்பிச்சுருளும் எரியும். பாகங்களுக்கு உங்கள் ஊருக்குப் பக்கம் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடுதான். ஆனால் பழைய 2என்3055 டிரான்சிஸ்டருக்குப் போலிகள் நிறைய உலவுவதால், விலையை மட்டும் பார்த்து வாங்காமல், தெரிந்த கடையில் வாங்குங்கள். கண்டென்சரில், அது தாங்கும் வெப்ப அளவு 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: பூஞ்சை படிந்த பழைய 78 சுற்று இசைத்தட்டுகளை ஸ்பிரிட் கொண்டு துடைக்கலாமா? (வாசகி, அரூர்)

பதில்: கூடவே கூடாது. அவை அரக்கு கலந்து செய்தவை, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திர சோப்பு கலந்து, நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல், வரிகளின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். எல்.பி. தட்டுக்கான ஊசியால் இவற்றை ஓட்டாதீர்கள்: 78 சுற்றுத் தட்டின் வரி அகலமானது என்பதால் அந்த ஊசி அடியில் உரசி, இரைச்சலைத்தான் எடுத்துத் தரும். இத்தட்டுகளுக்கென்று தனி ஊசி கேட்டு வாங்குங்கள்.