புழுவுக்குள் வாழும் பாக்டீரியா: கால்நடை மருத்துவரின் கேள்வி பதில்

கேள்வி: என் நாய்க்கு இதயப்புழு இருப்பது பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. ஆனால் மருத்துவர் புழுவைக் கொல்லும் ஊசியைப் போடாமல், முதலில் நான்கு வாரங்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். புழுவுக்கு எதற்கு ஆன்டிபயாட்டிக்?

பதில்: உங்கள் மருத்துவர் சரியான வரிசையில்தான் செல்கிறார். டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் என்னும் அந்தப் புழு உங்கள் நாயின் உடலுக்குள் தனியாக வந்து குடியேறவில்லை; தன் செல்களுக்குள்ளேயே வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. புழுவின் இரு பக்கங்களிலும் நீளவாக்கில் ஓடும் தோலடித் திசுப்பட்டைகளிலும், பெண்புழுவின் சினைப்பையிலும், வளரும் கருக்களிலும் அது நிறைந்திருக்கும். தாய்ப்புழுவின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். அது அழிந்தால் பெண்புழுவின் கருக்கள் வளராமல் சிதைந்துபோகும். அதாவது, இந்தப் புழுவால் தன் பாக்டீரியா இல்லாமல் இனம் பெருக்க முடியாது.

உங்கள் நாயைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. புழுக்கள் சாகும்போது அவற்றின் உடலிலிருந்து வொல்பாக்கியாவும் வெளியேறுகிறது. நாயின் நோயெதிர்ப்பு அமைப்பு அதைக் கண்டதும் நுரையீரலில் கடுமையான அழற்சியைக் கிளப்புகிறது. ஊசிக்கு முன்பே பாக்டீரியாவைக் குறைத்துவிட்டால் அந்த அழற்சியும் குறையும். வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், நாளைக்கு இருமுறை, 28 நாட்கள். அதன்பின் ஒரு மாத இடைவெளி விட்டு, புழுவைக் கொல்லும் மெலார்சோமின் ஊசி தொடங்கும்.

கேள்வி: அப்படியானால் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளலாமே, டாக்டர்? ஊசி மிகவும் வலிக்கும் என்கிறார்கள்.

பதில்: ஊசி வலிக்கத்தான் செய்யும், இடுப்புப் பகுதி முதுகுத் தசையில் ஆழமாகப் போட வேண்டிய மருந்து அது. ஆனாலும் உங்கள் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. டாக்ஸிசைக்ளின் புழுவை மலடாக்கும், நலிவடையச் செய்யும், உடனே கொல்லாது. இந்தப் புழு நாயின் உடலில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை வாழக்கூடியது.

இந்நோயால் இறந்த ஒரு நாயின் நுரையீரல் தமனியைப் பிணக்கூறாய்வில் திறந்து பார்த்திருக்கிறேன். முப்பது சென்டிமீட்டர் வரை நீளமுள்ள பெண்புழுக்கள் வெள்ளை நூற்கண்டு போலச் சிக்கிக் கிடந்தன. அதைவிட என்னை வருத்தியது தமனியின் உட்சுவர்தான். கண்ணாடிபோல வழவழப்பாக இருக்க வேண்டிய அந்தச் சுவரில் விரலை வைத்தபோது, நுண்ணிய முடிச்சுகளும் நீட்சிகளும் மண்டிச் சொரசொரவென்று இருந்தது. புழு உயிரோடு இருக்கும் ஒவ்வொரு மாதமும் இந்தச் சேதம் கூடிக்கொண்டே போகும். உடல்நிலை காரணமாக ஊசி போடவே முடியாத நாய்களுக்கு மட்டும் மாத்திரையை மாதாந்தரத் தடுப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதுண்டு. அது இரண்டாம்பட்சமான வழிதான். எந்த வழியானாலும் சிகிச்சைக் காலத்தில் நாயை ஓடவிடாதீர்கள். செத்த புழுவின் துண்டுகள் நுரையீரல் நாளங்களை அடைப்பதற்கு ஓட்டமே பெருங்காரணமாகிறது.

கேள்வி: ஓநாய், குள்ளநரி போன்ற காட்டு விலங்குகளின் புழுக்களிலும் இதே பாக்டீரியாதானா?

பதில்: ஆம், புழு ஒன்றே என்பதால் பாக்டீரியாவும் ஒன்றே. வட அமெரிக்காவின் கொயோட்டிகள், அதாவது நாய் இனத்தைச் சேர்ந்த நரி போன்ற காட்டு விலங்குகள், இதில் முக்கியமானவை. மருந்து எதுவும் எட்டாத அவற்றின் இரத்தத்திலிருந்து கொசுக்கள் இளம்புழுக்களை எடுத்துவந்து வீட்டு நாய்களிடம் சேர்க்கின்றன. டாக்ஸிசைக்ளின் பெற்ற நாயின் இரத்தத்தைக் குடித்த கொசுவுக்குள்ளும் இளம்புழுக்கள் வளர்கின்றன. ஆனால் அவை வேறொரு நாய்க்குள் சென்றபின் முதிர்ந்த புழுக்களாக வளர்வதில்லை எனச் சோதனைகள் காட்டியுள்ளன. காட்டு விலங்குகளுக்கு இந்தச் சிகிச்சையை யார் கொடுப்பது? அதனால்தான் வீட்டு நாய்க்குத் தடுப்பு மருந்தை மாதந்தோறும் தவறாமல் கொடுக்கும்படி வற்புறுத்துகிறேன்.

கேள்வி: டெங்குவைத் தடுக்க வொல்பாக்கியா ஏற்றிய கொசுக்களைப் பறக்கவிடுகிறார்கள் என்று படித்தேன். அதனால் நாய்களுக்கு இதயப்புழு வருமா?

பதில்: வராது. 1924-ல் இந்த பாக்டீரியா முதன்முதலில் காணப்பட்டதே கொசுவில்தான். இதயப்புழுவில் இருப்பதும் அதன் உறவே என்று மரபணு ஆய்வு உறுதிசெய்தது 1995-ல். ஆனால் இரண்டும் வெவ்வேறு கிளைகள். பூச்சியில் இருப்பது புழுவை உண்டாக்காது, புழுவில் இருப்பது கொசுவுக்குத் தாவிக் குடியேறவும் செய்யாது.

கேள்வி: நாய்களின் எல்லாப் புழுக்களிலும் இப்படி பாக்டீரியா உண்டா, ஐயா?

பதில்: இல்லை. குடலில் வாழும் கொக்கிப்புழுவிலும் உருண்டைப்புழுவிலும் வொல்பாக்கியா கிடையாது. ஆகவே குடற்புழு நீக்கத்துக்கென்று ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள்.

ஆனால் முற்றிலும் வேறான உறவு ஒன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வட அமெரிக்காவின் வடமேற்குப் பசிபிக் கரையோரத்தில் நானோஃபைட்டஸ் என்ற மிகச்சிறிய தட்டைப்புழு இருக்கிறது. அது முதலில் ஆற்று நத்தையிலும், பிறகு சால்மன் வகை மீன்களிலும், இறுதியில் அந்த மீனைப் பச்சையாகத் தின்னும் நாய், நரி, கொயோட்டி போன்றவற்றின் குடலிலும் வாழ்கிறது. புழுவால் நாய்க்குப் பெரிய தீங்கு இல்லை; அதற்குள் இருக்கும் நியோரிக்கெட்சியா ஹெல்மிந்தோயிக்கா என்ற பாக்டீரியாதான் நாயைக் கொல்கிறது. வொல்பாக்கியா புழுவின் துணை என்றால், இதற்குப் புழு வெறும் வாகனம். மீனைத் தின்று ஏறத்தாழ ஒரு வாரத்தில் கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நிணநீர்க்கணு வீக்கம் ஆகியவை தொடங்கும். சிகிச்சை பெறாத நாய்களில் பத்தில் ஒன்பது இறந்துவிடும். டாக்ஸிசைக்ளின் பாக்டீரியாவை அழிக்கும், பிரசிகுவான்டெல் தட்டைப்புழுவை அழிக்கும். புழு மருந்தை மட்டும் கொடுத்தால் நாய் பிழைக்காது. அப்பகுதியில் வாழ்பவர்களின் நாய் ஆற்றங்கரையில் மீன் எதையேனும் தின்றிருந்தால், அதைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

கேள்வி: அந்த மீனைச் சமைத்துக் கொடுக்கலாமா?

பதில்: நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைத்தாலும் புழு செத்துவிடும். புகையூட்டிய மீனை மட்டும் நம்பாதீர்கள். குறைந்த வெப்பத்தில் புகையூட்டினால் அது உள்ளே பச்சையாகவே இருக்கும்.