நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் சீட் வாங்கலாமா?

கேள்வி: கணவர் மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார், கைக்கு மாதம் 26,000 ரூபாய் வருகிறது. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்து 9,000 வரை சம்பாதிக்கிறேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் டிகிரி படித்ததில்லை. மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான், கட்-ஆஃப் 200-க்கு 138. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறான். கவுன்சலிங்கில் கிடைக்காது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முதலில் ரசீது இல்லாமல் 3 லட்சம், பிறகு வருடம் 1,30,000 ஃபீஸ், பஸ்ஸுக்குத் தனி. எங்களிடம் 11 பவுன் இருக்கிறது. தை மாதம் ஒரு லட்சம் ரூபாய் சீட்டு முடிகிறது. மகள் மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். ப்ளஸ் ஒன்னுக்கு அவளைத் தனியார் பள்ளியில் சேர்க்க நினைக்கிறோம். மகனுக்காக நகையை அடகு வைக்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: வைக்காதீர்கள், சகோதரி. ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸாக நூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ரசீது இல்லாமல் கேட்கும் அந்த 3 லட்சம் நன்கொடை வசூல். அதைத் தடை செய்து 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டுவிட்டார்கள். நாளைக்குச் சீட் கிடைக்காமல் போனாலும், பையன் பாதியில் விலகினாலும், அந்தப் பணத்தைக் கேட்க உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. கல்விக் கடனிலும் அது சேராது. அதையும் நான்கு வருட ஃபீஸையும் கூட்டினால் 8,20,000 ரூபாய் ஆகிறது. உங்கள் இருவரின் வருமானத்தில் ஏறக்குறைய இரண்டு வருடம். 26,000 சம்பளத்தில் அடகு வைத்த நகை திரும்பி வருவதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பார்கள், கடைசியில் ஏலத்துக்குப் போகும்.

138-க்குப் பெயர் பெற்ற கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பது கடினம்தான். ஆனால் கவுன்சலிங்கில் கிடைக்கவே கிடைக்காது என்பது ஏஜென்ட்டின் வியாபாரப் பேச்சு. சுமாரான கல்லூரிகளில் இடம் வரும், பிறகு துணைக் கவுன்சலிங்கும் உண்டு. ஐ.டி., ஈ.சி.ஈ. (எலெக்ட்ரானிக்ஸ்) பிரிவுகளையும் விருப்பப் பட்டியலில் போடச் சொல்லுங்கள். வேலைக்கு எடுக்க வரும் ஐ.டி. கம்பெனிகள் பையனுக்குப் புரோகிராம் எழுத வருகிறதா என்றுதான் சோதிப்பார்கள். பட்டியல் போடும் முன் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். தூரத்தையும் பாருங்கள். சென்னைக்குத் தெற்கே ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் சேர்ந்தால், எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டிப் போய்வருவதிலேயே அவனுடைய படிக்கும் நேரம் கரைந்துவிடும்.

கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால், குடும்பத்தில் முதலில் டிகிரி படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உங்கள் பையனுக்குக் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் அது கிடையாது. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை இது. ஏஜென்ட் இதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். ஆறாவதிலிருந்தே உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால், தமிழக அரசின் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

மீதிக்குக் கல்விக் கடன் வாங்குங்கள். 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், கைப்பணமும் போட வேண்டாம். வருடம் ஒரு லட்சமாக நான்கு வருடம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் அதுவரை வட்டி ஏறும். மொத்தம் 1,40,000 ரூபாய். அப்படியே விட்டால் 5,40,000-க்கு ஏழு வருடத் தவணை மாதம் சுமார் 8,970. வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் (முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான், நான்காம் வருடம் 3,333) தவணை 6,640-க்கு இறங்கும். தை மாதம் வரும் சீட்டுப் பணத்தை இந்த வட்டிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று: உங்கள் வருட வருமானம் 4,20,000. நான்கரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத் தவணை விடுப்புக் கால வட்டியை மத்திய அரசே கட்டும் மானியம் இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் இரண்டுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

கவுன்சலிங்கில் மனதுக்குப் பிடித்த கல்லூரி வரவில்லை என்றால், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸைக் குறைவாக நினைக்க வேண்டாம். மூன்று வருடம், பிறகு வேண்டுமானால் இரண்டு வருடம் எம்.சி.ஏ. அரசுக் கலைக் கல்லூரியில் கிடைத்தால் கடனே வாங்காமல் படித்துவிடலாம். உதவி பெறும் கல்லூரி என்றால் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் இந்தப் பிரிவு சுயநிதி ஷிப்டில்தான் இருக்கும், ஃபீஸ் வேறு. பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து வேலையோடு எம்.டெக். படிக்க வைக்கும் திட்டம் விப்ரோ போன்ற நிறுவனங்களில் உண்டு. எதில் சேர்ந்தாலும் ஒரு நல்ல லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பதற வைத்தது மகளைப் பற்றிய அந்த ஒரு வரிதான். ஆறாவதிலிருந்து அவள் மாநகராட்சிப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்றால், ப்ளஸ் டூ வரை அங்கேயே இருக்கட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் பொறியியல் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதி, கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. உதவி பெறும் பள்ளியில் படித்ததால் அண்ணனுக்கு இது கிடைக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்கு வரும். இரண்டு வருடத்துக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், அந்த ஃபீஸும் போய், நான்கு வருடப் பொறியியல் படிப்பை இலவசமாகப் படிக்கும் வாய்ப்பும் போய்விடும். கணக்கிலோ இயற்பியலிலோ அவள் தடுமாறினால் டியூஷன் வையுங்கள், பள்ளியை மாற்ற வேண்டாம்.