ஆர்கானிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஆர்கானிக் பற்றியவைதான். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எந்தப் பொருள் என்றே சொல்லாமல் “இது நல்லதா?” என்று ஒற்றை வரி எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும். எது என்று தெரியாமல் நான் என்ன சொல்ல?

கேள்வி: ஆர்கானிக் காய்கறியில் சத்து அதிகமா? ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும்.

பெரிதாக இல்லை. ஆனால் இதோடு நிறுத்தினால் அடுத்த வாரம் நீங்களே வேறொரு செய்தியைக் கத்தரித்து அனுப்புவீர்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு சுமார் 240 ஆய்வுகளை அலசிவிட்டு, வைட்டமின் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றது. 2014இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு 340 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஆர்கானிக் பயிர்களில் பாலிஃபீனால் வகைகள் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறக்குறைய பாதி என்றது. இரண்டும் ஒன்றையொன்று பெரிதாக மறுக்கவில்லை. பூச்சியையும் நோயையும் தாக்குப்பிடிக்கச் செடி தானே சுரந்துகொள்ளும் பொருள்களில் பாலிஃபீனாலும் உண்டு. தழைச்சத்தை அள்ளிக் கொட்டாத செடியில் அது கூடுவதில் வியப்பில்லை. அந்தக் கூடுதல் நம் உடம்பில் என்ன நன்மை செய்கிறது என்பதுதான் இன்னும் நிரூபணமாகவில்லை. சத்து வேண்டுமென்றால் வாடாததை வாங்குங்கள். நாலு நாள் வாடிய ஆர்கானிக் கீரையைவிட இன்று பறித்த சாதாரணக் கீரை மேல்.

கேள்வி: ஆர்கானிக் உப்பு வாங்கலாமா?

உப்பு செடியில் காய்ப்பதில்லை, அதற்கு யாரும் மருந்தடிப்பதுமில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: முட்டைக்கோஸில் புழு இருந்தால் அது மருந்தடிக்காதது என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். சரிதானா?

புழு இருந்தால் புழு இருக்கிறது, அவ்வளவுதான். அது மருந்துக்கு அசையாத புழுவாக இருக்கலாம், மருந்தின் வீரியம் போன பிறகு வந்த புழுவாகவும் இருக்கலாம். பளபளவென்று இருப்பதெல்லாம் மருந்தில் குளித்தது என்பதும் கிடையாது. உணவில் தங்கிவிடும் பூச்சிமருந்தை, அதாவது எச்சத்தை, பரிசோதிக்கும் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அங்கே இருந்த கருவி ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடும். என் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரிந்ததில்லை. மாமனாருக்கும் தெரியாது, ஆனால் அதை நீங்கள் அவரிடம் சொல்லப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். கண், மூக்கு, நாக்கு மூன்றையும் விட்டுவிட்டு ஆர்கானிக் சான்று எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: ஏன் இவ்வளவு விலை? பகல் கொள்ளைதானே?

கொஞ்சம் அப்படியும் உண்டு, ஆனால் முழுக்க இல்லை. களைக்கொல்லி கிடையாது என்றால் களையை ஆள் வைத்து எடுக்க வேண்டும், அல்லது திரும்பத் திரும்ப உழ வேண்டும். விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. சான்று கிடைக்கும் முன் இரண்டு மூன்று வருடம் நிலம் மாற்றுக்காலத்தில் இருக்கும். அந்தக் காலத்தில் முறை ஆர்கானிக், விற்பது மட்டும் சாதாரண விலைக்கு. அப்புறம் ஆண்டுதோறும் ஆய்வுக் கட்டணம், மற்றதோடு கலக்காமல் தனி மூட்டை, தனிக் கிடங்கு.

2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் உலகம் முழுவதும் ஐம்பதுக்கு மேற்பட்ட பயிர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். 5 முதல் 7 சதவீதம் விலை கூடுதலாகக் கிடைத்தாலே ஆர்கானிக் விவசாயியின் லாபம் மற்றவருக்குச் சமமாகிவிடும் என்று தெரிந்தது. உண்மையில் கிடைத்தது 30 சதவீதம். ஆக, விவசாயிக்கு நஷ்டமில்லை, நல்ல விஷயம்தான். கடையில் விலை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று இருந்தால், மீதி இடையில் கைமாறும்போது ஏறியது.

கேள்வி: ஸ்ட்ராபெரி, திராட்சை, ஆப்பிள் மூன்றையும் வீட்டில் நிறுத்திவிட்டோம். ஆர்கானிக் கட்டுப்படியாகவில்லை, மற்றதெல்லாம் விஷம் என்கிறார் கணவர். பிள்ளைகளுக்கு மாலையில் இப்போது பிஸ்கட்தான். சரியான முடிவா?

இல்லை அம்மா. மிகத் தவறான முடிவு. கோபம் உங்கள் மேல் இல்லை, உங்கள் கணவர் மேலும் இல்லை. அவரை இப்படிப் பயமுறுத்தியவர்கள் மேல்தான்.

அமெரிக்காவில் ஓர் அமைப்பு ஆண்டுதோறும் ‘அழுக்குப் பன்னிரண்டு’ என்று ஒரு பட்டியல் போடுகிறது. ஸ்ட்ராபெரியும் பசலைக்கீரையும் அதில் அடிக்கடி மேலே வரும். திராட்சையும் ஆப்பிளும் வழக்கமான விருந்தாளிகள். பல காலமாக அந்தப் பட்டியல் பார்த்ததெல்லாம் எத்தனை மாதிரிகளில் எச்சம் தென்பட்டது, எத்தனை வகை மருந்து இருந்தது, மொத்தம் எவ்வளவு என்பதைத்தான். ஒவ்வொரு மருந்தும் எந்த அளவில் உடம்பைக் கெடுக்கும் என்ற கேள்வி அதில் சரியாகக் கேட்கப்படவே இல்லை. ‘இருக்கிறது’ என்பது வேறு, ‘கெடுக்கும் அளவுக்கு இருக்கிறது’ என்பது வேறு. விலங்குகளுக்கு எந்தப் பாதிப்பும் தராத அளவை எடுத்து, அதை வழக்கமாக நூறால் வகுத்துத்தான் மனிதருக்கான தினசரி அளவை வைக்கிறார்கள். 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பன்னிரண்டையும் இந்த அளவோடு ஒப்பிட்டார்கள். மக்கள் உண்மையில் உட்கொண்டது அதைவிட மிக மிகக் குறைவு.

என் சொந்த அனுபவம் ஒன்று. திராட்சை மாதிரி ஒன்றில், அனுமதிக்கப்பட்ட வரம்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத எச்சத்தைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அது ஒரு பத்திரிகைக்குப் போய் ‘திராட்சையில் விஷம்’ என்று தலைப்பாகி வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டு விளக்கினேன். கேட்டுக்கொண்டார்கள், திருத்தம் போடவில்லை. அந்த வாரம் எத்தனை வீட்டில் திராட்சை நின்றுபோனதோ!

இது கற்பனைக் கவலை இல்லை. 2016இல் சிகாகோ பகுதியில் வருமானம் குறைந்த 500 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். எந்தப் பழத்தில் மருந்து என்று பெயர் சொல்லிப் பயமுறுத்தியதும், பழம் காய்கறி எதுவுமே வாங்கும் எண்ணம் குறைந்தது. ஆர்கானிக்கானாலும் சரி, சாதாரணமானதானாலும் சரி. 2012இல் வந்த ஒரு கணக்கையும் சொல்கிறேன். அமெரிக்கர்களில் பாதிப் பேர் தினம் ஒரு பங்கு பழமோ காயோ கூடுதலாகச் சாப்பிட்டால் ஆண்டுக்கு 20,000 புற்றுநோய் தடுக்கப்படும், எச்சத்தால் கூடுவது அதிகபட்சம் பத்து. அந்தக் கணக்குக்குப் பணம் கொடுத்தது பழம் விளைவிப்போர் கூட்டமைப்பு, ஆகவே எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். பத்தை நூறாக்கினாலும் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

வரம்பு மீறிய மாதிரிகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன, மறைக்கவில்லை. அதற்குப் பரிகாரம், ஒரே பழத்தை ஒரே இடத்தில் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவதும் கழுவிச் சாப்பிடுவதும்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு ஒருவருக்கு 400 கிராம் பழமும் காயும். முதலில் அளவு, பிறகுதான் வகை. பல வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன். நாளைக்கே சாதாரணத் திராட்சை வாங்குங்கள். பிஸ்கட்டை நிறுத்துங்கள்.

கேள்வி: எதைக் கொண்டு கழுவுவது? உப்பு, வினிகர், சோப்பு, புளி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சோப்பு வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், சோப்பு வேண்டாம். அது பழத்துக்குள் இறங்கினால் அதுவே எச்சம். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளைச் சமையல் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பார்த்தார்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 முதல் 15 நிமிடத்தில், மேல்பரப்பில் இருந்த இரண்டு மருந்துகளில் ஒன்று 80 சதவீதமும் இன்னொன்று 96 சதவீதமும் போனது. தோலுக்குள் ஊடுருவியது போகவில்லை. எந்தக் கழுவலிலும் அது போகாது.

கேள்வி: ஆர்கானிக் என்றால் மருந்தே கிடையாதுதானே?

கிடையாது என்று யார் சொன்னது? கந்தகம், செம்புக் கலவைகள், வேம்புச் சாறு, சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரம், பாக்டீரியாவிலிருந்து வரும் ஸ்பினோசாட், இவையெல்லாம் பல நாட்டு ஆர்கானிக் விதிகளில் அனுமதிக்கப்பட்டவை. செம்பு மண்ணில் தங்கிச் சேரும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இயற்கையில் கிடைப்பது என்பதாலேயே சாது ஆகிவிடாது, அரளியும் இயற்கைதான். இருந்தாலும் செயற்கை மருந்துகளின் எச்சம் ஆர்கானிக்கில் தெளிவாகக் குறைவு. நியூகாசில் கணக்கில் சாதாரணப் பயிரில் எச்சம் தென்படுவது நான்கு மடங்கு அதிகம். நீங்கள் கூடுதல் காசு கொடுப்பது இதற்குத்தான், சத்துக்கு அல்ல.

கேள்வி: எனக்குச் சர்க்கரை வியாதி. ஆர்கானிக் சர்க்கரை, ஆர்கானிக் பிஸ்கட் சாப்பிடலாம் என்று கடையில் சொன்னார்கள்.

கடையில் சொல்லத்தான் செய்வார்கள். ரத்தத்தில் இறங்கினால் அது சர்க்கரைதான், சான்றிதழைப் பார்த்து வழிவிடாது. 2010இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் ஓரியோ பிஸ்கட்டையே ஆர்கானிக் மாவும் சர்க்கரையும் போட்டது என்று சொல்லிக் கேட்டபோது, அதில் கலோரி குறைவு என்று மதிப்பிட்டார்கள். நீங்களும் அதையே செய்கிறீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கர்ப்பிணி நான். எதற்காவது கூடுதல் காசு கொடுப்பது நியாயமா?

நியாயம்தான், பழமும் காயும் குறையாத அளவுக்குப் பணம் இருந்தால். 2006இல் அமெரிக்காவில் 23 குழந்தைகளுக்கு ஐந்து நாள் ஆர்கானிக் உணவு கொடுத்தபோது, ஆர்கனோபாஸ்பேட் என்ற வகையைச் சேர்ந்த இரண்டு பூச்சிமருந்துகளின் தடயம் சிறுநீரில் கிட்டத்தட்ட மறைந்தே போனது. பழைய உணவுக்குத் திரும்பியதும் தடயமும் திரும்பியது. நோய் குறைந்தது என்று இதற்கு அர்த்தமில்லை, உள்ளே போவது குறைந்தது என்று மட்டும் அர்த்தம். வளரும் மூளை இந்த வகை மருந்துக்கு மற்றவர்களைவிட எளிதில் பாதிக்கப்படும் என்பதால், தினமும் தோலோடு சாப்பிடும் ஆப்பிள், திராட்சை, கீரை இவற்றுக்குக் கொடுங்கள். வெங்காயம், அன்னாசி, அவகாடோ போன்ற தடித்த அல்லது உரித்தெறியும் தோல் உள்ளவற்றுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பால், முட்டை, இறைச்சி?

ஆர்கானிக் பாலில் ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம். மாடு புல் மேய்வதுதான் காரணம், சான்றிதழ் அல்ல. மொத்த உணவில் பாலிலிருந்து வரும் ஒமேகா 3 சொற்பம் என்பதால் அதற்காக வாங்காதீர்கள். ஆன்டிபயாடிக்கை வழக்கமாகத் தீனியில் கலக்க ஆர்கானிக் விதி இடம் கொடுக்காது. இவற்றுக்கு நான் கூடுதல் காசு கொடுப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

கேள்வி: அரிசியில் ஆர்சனிக் என்று படித்தேன். ஆர்கானிக் அரிசிக்கு மாறினால் தப்பிக்கலாமா?

முடியாது. அந்த நச்சு மண்ணிலும் தண்ணீரிலும் இருந்து வருவது, நெல்லுக்கு உங்கள் லேபிள் தெரியாது. தவிடு நீக்காத அரிசியில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆறு பங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள், கணிசமாகக் குறையும்.

கேள்வி: ஆர்கானிக் சாப்பிட்டால் புற்றுநோய் வராது என்கிறார்களே?

2018இல் பிரான்ஸில் 69,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், அதிகம் ஆர்கானிக் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு. 2014இல் பிரிட்டனில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்த ஆய்வில் மொத்தப் புற்றுநோயில் குறைவே இல்லை. முதலாவதில் ஆர்கானிக் வாங்கியவர்கள் வசதியும் படிப்பும் கூடியவர்கள். ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் கழித்தாலும் முழுக்கக் கழியாது. ‘வராது’ என்று சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: பாக்கெட்டின் படம் இணைத்துள்ளேன். வாங்கலாமா?

முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதில் பச்சை இலை, ‘நேச்சுரல்’, ‘கெமிக்கல் ஃப்ரீ’, சிரிக்கும் விவசாயி. எதற்கும் பொருள் கிடையாது, தண்ணீரே ஒரு கெமிக்கல்தான். திருப்பிப் பாருங்கள். சான்றளித்த அமைப்பின் பெயரும் எண்ணும் இருந்தால் அந்த அமைப்பின் பட்டியலில் தேடுங்கள். இல்லையென்றால் சாதாரண விலைக்கு மேல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். வயலையே நேரில் போய்ப் பார்த்து விவசாயியிடம் வாங்குபவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: ஆர்கானிக் முளைப்பயறைக் கழுவாமல் பச்சையாகச் சாப்பிடலாம்தானே? சுத்தமானதாச்சே.

2011இல் ஜெர்மனியில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்து, நாலாயிரம் பேர்வரை நோயில் விழுந்தது ஓர் ஆர்கானிக் பண்ணையின் வெந்தய முளையால். கிருமி விதையோடு வந்தது. முளைகட்டும் ஈரமும் சூடும் அதைப் பல மடங்கு பெருக்கிவிட்டன. கழுவினாலும் போதாது, வேகவைத்துச் சாப்பிடுங்கள்.